உப்பு வெளியில் நடந்தவள்

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். போன ஞாயிற்றுக்கிழமை என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு, ஒரு கதையும் சொல்லிவிட்டு ஐரோலியில் உன் வீட்டுக்குப் போனாய். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நேரில் சொல்லலாம் என்றால் எனக்குப் பேச்சு வராது, சத்தம்தான் வரும். லேபர் கேம்ப்பில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற நம் வீட்டில் சத்தம் போட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். போனில் சொன்னால் ‘மீட்டிங்ல இருக்கேன்பா’ என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். நல்லதுதான், மெதுவாகப் படி. போனில் படம் பிடித்து இந்திக்கு மாற்றிப் படிக்காதே. பெண்டாட்டிதானே என்று செல்வியிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லவும் கூடாது. இது அவளைப் பற்றிய கடிதம். அதை அவள் வாயாலேயே உனக்கு வாசித்துக் காட்ட வைப்பது இன்னொரு அக்கிரமம்.

நீ சொன்ன கதையை உனக்கே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன், கேள். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் புதுப்பெண்டாட்டியை ஏற்றிக்கொண்டு, என் வண்டியில், பம்பாயிலிருந்து கட்ச் வரைக்கும் போனாய். மாண்ட்வி கடற்கரையில் இரண்டு நாள் இருந்துவிட்டு, அங்கிருந்து வடக்கே வெள்ளை உப்புப் பாலைவனத்துக்குப் போனாய். தார் ரோட்டை விட்டு உப்பின் மேல் வண்டியை இறக்கினாய். வண்டி புதைந்தது. ‘செல்வி வேற பக்கத்துல உக்காந்து, திருப்புங்க திருப்புங்கன்னு ஒரே டென்ஷன்’ என்று நீ சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவளை வண்டியில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, நீ ஒருவனாக உச்சி வெயிலில் ஐந்து கிலோமீட்டர் நடந்து போய், மாடு மேய்க்கிறவர்களின் குடியிருப்பைக் கண்டுபிடித்து, டிராக்டரோடு வந்து வண்டியை இழுத்தாயாம். சுனாபட்டியிலிருந்து வந்திருந்த செல்வியின் சித்தப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். ‘ஏட்டி, நீ தனியா இருந்தியே, பயந்துட்டியா?’ என்று அவளைக் கேட்டார். தட்டில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, ‘ஆமா சித்தப்பா’ என்றாள்.

நீ வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு நடந்தது முழுக்கத் தெரியும். அதுதான் உனக்குத் தெரியாது. புஜ்ஜிலிருந்து வடக்கே போகிற ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிற இஸ்மாயில் பாய், நான் அந்தப் பக்கம் டூரிஸ்ட் வண்டி ஓட்டிய காலத்திலிருந்து என் சிநேகிதர். நீ திரும்பி வந்த மறுநாள் அவர் எனக்குப் போன் செய்தார். பின் கண்ணாடியில் தமிழில் ‘முருகன் துணை’ என்று எழுதிய பம்பாய் வண்டியை உப்புச் சேற்றிலிருந்து இழுத்ததாக டிராக்டர்காரன் அவர் கடையில் வந்து சொல்லியிருக்கிறான். அந்த எழுத்தைப் போட்ட வண்டி அந்த ரோட்டில் வேறு யாருடையது? அவர் என்னைப் பாராட்டுவதற்காகப் போன் செய்தார். ‘உன் மருமகள் சாதாரணப் பெண் இல்லை பாயி. பாஷை தெரியாமல், செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வெறுங்காலோடு, கையில் ஒரு காலி பாட்டிலை வைத்துக்கொண்டு வந்து, வண்டி என்பதற்குக் காடி, காடி என்று மட்டும் சொல்லி, ஒரு கிராமத்தையே கிளப்பிவிட்டாள்’ என்று இந்தியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன். வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாயாம், முகமெல்லாம் வெளுத்துப்போய்.

பயந்ததற்காக நான் உன்மேல் கோபப்படவில்லை. அந்த இடத்தில் பயப்படாதவன் மனுஷன் இல்லை. மழைக்காலத்தில் கடல் உள்ளே வந்து நிற்கிற நிலம் அது. தண்ணீர் வற்றியதும் மேலே உப்பு ஏடு கட்டி நிற்கும், அடியில் சேறு அப்படியே இருக்கும். ஆளைத் தாங்கும், வண்டியைத் தாங்காது. குதிகாலால் ஓங்கி மிதித்துப் பார், பள்ளத்தில் ஈரம் ஊறினால் ஒரு அடி வைக்காதே என்று உனக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன்? டிசம்பர் மாதம் அங்கே காயாது என்று புறப்படும் அன்றைக்குக்கூடச் சொன்னேன். ‘மாலும் இருக்குப்பா, தெரியும், யூடியூப்ல பாத்துட்டேன்’ என்றாய். வண்டியில் இரண்டு ஸ்பீக்கர் இருந்தது, கலர் லைட் இருந்தது, போட்டோ எடுக்க மூன்று கால் வைத்த ஸ்டாண்டு இருந்தது. ஒரு முழம் கயிறு இருந்ததா? ஒரு கேன் தண்ணீர் இருந்ததா? பாலைவனத்தில் மனசுக்கு அமைதி கிடைக்கிறது என்று போட்டோவுக்கு அடியில் எழுதியிருந்தாயாம், உன் தங்கை காட்டினாள். அந்த அமைதியில் ஒரு பெண்ணை வெறுங்காலோடு நடக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவன் எழுதுகிற எழுத்தா அது?

இன்னொன்றும் இஸ்மாயில் பாய் சொன்னார். நீ ரோட்டை விட்டு இறங்குகிற இடத்தில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டி, வண்டிக்குக் குறுக்கே ஓடி வந்திருக்கிறார். நீ அவருக்கு டாட்டா காட்டிவிட்டுப் போயிருக்கிறாய். கண்ணாடியை இறக்கி ‘என்ன தாத்தா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நீ கேட்கமாட்டாய். ஏன் கேட்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

டூரிஸ்ட் வண்டி ஸ்டாண்டில் எனக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்த பாடம் அது. வண்டியை வாடகைக்கு எடுத்த பார்ட்டி உள்ளே இருக்கும்போது டிரைவர் கண்ணாடியை இறக்கி வழி கேட்கக் கூடாது. கேட்டால் பார்ட்டிக்குப் பயம் வந்துவிடும், அடுத்த டிரிப்புக்கு வேறு வண்டி தேடிப் போய்விடும். ஜெய்சல்மேரில் மணல் மூடிய ரோட்டிலும், துவாரகைப் பக்கம் கடலோரத்திலும், எத்தனையோ தரம் திசை தெரியாமல் நான் முழித்திருக்கிறேன். முகத்தில் காட்டியதே கிடையாது. சின்ன வயதில் உன்னை மடியில் வைத்து இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் பாதியை நீ காதில் வாங்கவில்லையா, அல்லது நான் சொல்லாமல் விட்டேனா தெரியவில்லை. வழி தெரியாவிட்டால் நாங்கள் டீக்கடையில் வண்டியை நிறுத்துவோம். ‘சார், ஒரு டீ சாப்பிட்டுட்டுப் போவோம்’ என்று பார்ட்டியை உட்கார வைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் போய்க் கடைக்காரன் காலில் விழாத குறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவோம். ஒரு நாளைக்கு எட்டு டீ குடித்த நாளெல்லாம் உண்டு. நீ என்னிடமிருந்து கர்வத்தை எடுத்துக்கொண்டாய், டீயை விட்டுவிட்டாய். அதுவும் பெண்டாட்டியிடம்! அவள் என்ன பார்ட்டியா, அடுத்த டிரிப்புக்கு வேறு வண்டி பார்த்துக்கொண்டு போக?

உன்மேல் வந்த கோபத்தில் மட்டும் நான் இதை எழுதவில்லை. இனிமேல் எழுதப் போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உன் அம்மாவுக்கு வண்டியில் ஏறினால் தலை சுற்றும், வாந்தி வரும் என்றுதான் நீயும் உன் தங்கையும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஊருக்கு ரயிலில்தான் போவாள். செம்பூருக்கு பஸ்தான். உன் தங்கை பிறக்கப் போகிற அன்று, கீழே என் வண்டி துடைத்து நிற்க, வலியோடு பக்கத்து வீட்டுக்காரனின் டாக்ஸியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்ஸியில் சுற்றாத தலை என் வண்டியில் மட்டும் எப்படிச் சுற்றும் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்காமலே இருந்தேன். எனக்குக் காரணம் தெரியும்.

உனக்கு அப்போது ஒன்றரை வயது. முதலாளியின் ஜீப்பை இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, உன்னையும் அம்மாவையும் கொங்கண் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அதுதான் முதல் பயணம். ரத்னகிரிக்கு முன்னால் ஒரு இடம், பெயர் வேண்டாம். கடல் உள்வாங்கியிருக்கும்போது மணலிலேயே ஓட்டிக்கொண்டு அடுத்த கிராமத்துக்குப் போய்விடலாம். மலையைச் சுற்றிப் போகிற ரோட்டை விட அது சுருக்கு. ஸ்டாண்டில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன், அவ்வளவுதான். எந்த நேரம் போகலாம், எந்த நேரம் கூடாது என்று கேட்டு வைத்திருக்கவில்லை. மணலில் இறக்கிப் பாதி தூரம் போயிருப்போம். உன் அம்மா சொன்னாள்: ‘ஏங்க, சிப்பி பொறுக்குத பொம்பளைய எல்லாரும் கூடையத் தூக்கிட்டுக் கரைக்கு வேகமா வாராவ. நாம மட்டும் உள்ள போறோம். வண்டியத் திருப்புங்க.’ அவளுக்கு அந்தக் கடலைத் தெரியாது, மராத்தி தெரியாது. ஆனால் கண் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘வண்டி ஓட்டுறது நீயா நானா?’ என்றேன்.

முன் சக்கரம் இறங்கியது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். இன்னும் இறங்கியது. அந்தப் பக்கக் கடல் நம் திருச்செந்தூர்க் கடல் இல்லை. ஏற ஆரம்பித்தால் ஆள் நடக்கிற வேகத்தில் ஏறும். சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் வந்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதலாளி என்ன சொல்வார் என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி, பிள்ளை என்ற நினைப்பே இல்லை. இதுதான் உன் அப்பா. அவள் உன்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேலே சொருகிக்கொண்டு, தண்ணீரில் இறங்கி ஓடினாள். அந்தச் சிப்பிப் பெண்களில் ஒருத்தியின் கையைப் பிடித்து இழுத்து, வண்டியைக் காட்டி அழுதிருக்கிறாள். அவர்கள் போட்ட கூச்சலில் மீன்காரர்கள் பத்துப் பேர் கயிறோடு வந்தார்கள். ஜீப் பிழைத்தது.

பம்பாய் வந்து சேர்ந்த மறுவாரம் உன் பெரிய மாமா வீட்டுக்கு வந்தார். உன் அம்மாவுக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்தவர். அவரிடம் கதையை நான் மாற்றிச் சொன்னேன். உன்னையும் அவளையும் வண்டிக்கு மேலே ஏற்றி உட்கார வைத்துவிட்டு நான் தண்ணீரில் ஓடியதாகச் சொன்னேன். வாயைத் திறந்தேன், அப்படி வந்துவிட்டது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்து, ‘அப்படியாம்மா?’ என்று கேட்டார். ‘ஆமாண்ணே. அவியதான் ஓடுனாவ’ என்றாள். என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு ஸ்டாண்டில், கல்யாண வீடுகளில், பார்ட்டிகளிடம், எத்தனை வருஷம் அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! நீயும்தான் கேட்டு வளர்ந்தாய். கடலில் ஓடிய அப்பா என்று பள்ளிக்கூடத்தில்கூடப் போய்ச் சொன்னாய். அவள் ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. என் வண்டியில் ஏறுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் புறப்படுவதற்கு முன்னால் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். செல்வி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் குதிகால் இரண்டும் பிளந்து, பிளவுக்குள் கறுத்துக் கிடந்தது. உன் அம்மா மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்து அதில் தடவிக்கொண்டிருந்தாள். எப்படி ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஐந்து கிலோமீட்டர் நடந்ததாகச் சொன்ன உன் காலை நான் சாப்பிடும்போதே பார்த்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை.

நீங்கள் போன பிறகு உன் அம்மா எதிரில் போய் உட்கார்ந்தேன். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ‘அன்னைக்கு ஓடுனது நீதான். நான் பொய் சொல்லிட்டேன்’ என்றேன். அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, ‘எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்லுதியளே. எங்க அண்ணங்கிட்டல்லா சொல்லியிருக்கணும்’ என்றாள். உன் பெரிய மாமா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. தன் தங்கை தண்ணீரில் இறங்கி ஓடியவள் என்று தெரியாமலே போய்விட்டார். இனி நான் எங்கே போய் யாரிடம் சொல்வேன்?

உனக்கு அந்தக் கதி இல்லை. நீ சொல்ல வேண்டியவர்கள், செல்வியின் அப்பாவும் அம்மாவும், வருகிற வெள்ளிக்கிழமை வள்ளியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் சாப்பாடு. நீ சொன்ன கதையைச் சித்தப்பா அன்றைக்கே ஊருக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். நேற்றுச் செல்வியின் அப்பா என்னிடம் பேசினார். ‘அத்தான், எம் மவளக் காப்பாத்திக் கொடுத்திருக்காரு உங்க மவன். மாப்பிள்ள கையில ஒரு மோதிரம் போட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்’ என்றார். ஒரு தகப்பன் நன்றியோடு கொண்டு வருகிற மோதிரம். அவர் மகள் வெறுங்காலோடு நடந்த நடைக்கு உன் விரலில் மோதிரம். எனக்கு அந்த நேரம் போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ‘வாங்க அத்தான், நேர்ல பேசுவோம்’ என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

நானே சொல்லிவிடலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் நான் சொன்னால் நீ மாட்டிக்கொண்டவன் ஆவாய், அவ்வளவுதான். செல்விக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ‘இல்ல மாமா, அவியதான் நடந்தாவ’ என்று அவளே என்னை மறுப்பாள். புகுந்த வீட்டில் இரண்டு மாதத்துப் பெண் வேறு என்ன சொல்வாள்? அவள் அப்பா அவளை நம்புவார், உன்னை நம்புவார், மோதிரத்தைப் போட்டுவிடுவார். இது உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். நீ ஓட்டத் தெரியாமல் ஓட்டியதை, கிழவர் கையைக் காட்டியும் நிற்காததை, அவள் சொன்னதைக் கேட்காததை, பயந்து உட்கார்ந்ததை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவமானமாகத்தான் இருக்கும். ஒருநாள் அவமானம். நான் அந்த ஒருநாளுக்குப் பயந்து, இருபத்தாறு வருஷம் ஒருத்தியோடு ஒரே வீட்டில் அன்னியனாக வாழ்ந்திருக்கிறேன். வாழ்ந்தது எனக்கே தெரியாமல் வாழ்ந்திருக்கிறேன்.

மீண்டும் வண்டியை எடுத்துக்கொண்டு கடலோரமாகக் கோவா வரைக்கும் போகலாம் என்று தங்கையிடம் சொன்னாயாமே. போ. நான் தடுக்கவில்லை. ஆனால் செல்வியைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதை முடி. முடிக்காமல் கூப்பிட்டாலும் ஒருவேளை அவள் வருவாள். சிரித்துக்கொண்டே பக்கத்தில் உட்காருவாள். முன்னால் தண்ணீர் ஏறினாலும், சேறு இருந்தாலும், இனிமேல் அவள் உன்னிடம் ‘திருப்புங்க’ என்று சொல்லமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடிந்து கை கழுவியதும் செல்வியின் அப்பா சட்டைப் பையிலிருந்து மோதிரத்தை எடுப்பார். உன் கையைக் கேட்பார். அப்போது நீ பேசினால், நான் உன் அப்பன் என்று சொல்லிக்கொள்வேன். பேசாமல் கையை நீட்டினால், நான் சத்தம் போடமாட்டேன், அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. எழுந்து வெளியே போய்விடுவேன். அந்த நேரம் உன் அம்மாவும் செல்வியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அதைப் பார்க்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

உன் அப்பா